பள்ளி மணி அடித்த பிறகு



பள்ளி மணி அடிக்கிறது. சில பிள்ளைகள் பந்தாட்டத்திற்கோ நாடக ஒத்திகைக்கோ தங்கிவிடுகின்றனர். "படிக்கிற பிள்ளைக்கு ஆட்டமும் கூத்தும் எதற்கு?" என்று பெற்றோர் சிலர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகின்றனர். இக்கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் சிக்காகோ ஒரு பெரும் தொழில் நகரம். பிழைப்புத் தேடி வந்த பல நாட்டு மக்கள் அங்கே நெருக்கடியான வீடுகளில் குடியிருந்தனர். அவர்களிடையே 1889ஆம் ஆண்டில் ஜேன் ஆடம்ஸ், எலன் ஸ்டார் என்னும் இரு பெண்மணிகள் 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் திறந்தனர். தொழிலாளர் பிள்ளைகளுக்கு அங்கே மன்றங்களும் கலை வகுப்புகளும் நடந்தன. ஆனால், அத்தகைய வேளையில் பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்து பார்க்கும் காலம் பின்னரே வந்தது.

அதே நகரில் பயின்ற ரீட் லார்சன் அதற்கு வழிகண்டவர்களுள் ஒருவர். தம் பேராசிரியர் சிக்சென்ட்மிஹாயுடன் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளி மாணவர் 75 பேரிடம் ஒரு வாரத்திற்குச் சிறு ஒலிக்கருவிகளைக் கொடுத்தார். எதிர்பாராத நேரத்தில் கருவி ஒலிக்கும். அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், மனம் எப்படி இருந்தது என்பதை மாணவர் உடனே எழுதவேண்டும். இவ்வாய்வு 1984இல் நூலாக வெளிவந்தது.

பின்னர் இலினாய் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய லார்சன், 2000ஆம் ஆண்டில் ஒரு முக்கியக் கட்டுரை எழுதினார். வகுப்பறையில் மாணவரின் கவனம் உயர்ந்திருந்தது, விருப்பம் குறைந்திருந்தது. நண்பர்களோடு இருக்கையில் விருப்பம் உயர்ந்தது, கவனம் குறைந்தது. தாமே விரும்பிச் சேர்ந்த விளையாட்டு, கலை, மன்றம் ஆகியவற்றிலோ இரண்டும் ஒருங்கே உயர்ந்திருந்தன. தடை வந்தாலும் தளராமல், ஒரு குறிக்கோளுக்காகப் பல நாள் உழைக்கும் பழக்கம் அங்கே வளர்கிறது என்று அவர் எடுத்துரைத்தார்.

அப்படியானால் பெரியவர்களுக்கு அங்கே என்ன வேலை? 2005இல் லார்சனும் அவருடைய குழுவினரும் இதையும் ஆராய்ந்தனர். இளைஞர்களே முன்னின்று நடத்திய குழுக்களில் திட்டமிடும் திறனும் தலைமைப் பண்பும் வளர்ந்தன. பெரியவர் நடத்திய குழுக்களில் குறிப்பிட்ட கலைத்திறன்கள் வளர்ந்தன. இரண்டிலும் பயன் உண்டு என்பதே அவர்கள் கண்ட முடிவு.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்களும் இதைக் கண்டிருக்கிறோம். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை, நாடகத்திற்கு மேடை கட்டும்போது நாலு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும். அந்தக் குரலை எந்தத் தேர்வுத் தாளிலும் நாங்கள் கேட்டதில்லை.

பெற்றோர்களே, பாடத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. நாளை பிள்ளை ஒரு மணி நேரம் தாமதித்து வந்தால், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அதட்டுவதற்கு முன், "இன்று என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.