லயத்து வானொலியும் பற்றரியும்

வானொலியின் வரலாறு பேசப்படும்போது ஒலிபரப்பு நிலையங்களின் வரலாறே பெரும்பாலும் பேசப்படுகின்றது. மின்சாரம் எட்டாத இடங்களில் கேட்பவனுடைய வரலாறோ பற்றரியின் வரலாறாகும்.

கொழும்பிலே 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் இலங்கை வானொலி உருவாயிற்று. வானலைக்கு இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் தொலைவல்ல. ஆயினும் அங்கே பெரும்பாலான லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அத்தகைய வீட்டில் வானொலி பேசவேண்டுமாயின் பற்றரியே துணை.

அக்காலத்து வால்வு வானொலிக்கு இருவகைப் பற்றரிகள் தேவைப்பட்டன. வால்வின் இழையைச் சூடாக்கக் குறைந்த மின்னழுத்தமுடைய ஒன்று. அதன் உள்ளே மின்னோட்டத்தை நடத்த, பல கருவிகளில் 90 வோல்ற்று உடைய மற்றொன்று. ஒன்றரை வோல்ற்றுக் கலங்கள் அறுபதைத் தொடராக இணைத்தாலன்றி 90 வோல்ற்று கிடையாது. ஆகவே கருவியை வாங்குவது ஒரு முறைச் செலவு. அதற்குத் தீனி போடுவதோ ஓயாச் செலவு.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய திரான்சிஸ்டர் இந்நிலையை மாற்றியது. அதிலே சூடாக்கவேண்டிய இழை இல்லை. 1954இல் அந்நாட்டில் திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த பல கருவிகளுக்கு நான்கு டோர்ச் பற்றரிகள், அதாவது 6 வோல்ற்று, போதுமாயிற்று.

அப்பொழுதும் தெரிவு முடிந்துவிடவில்லை. சிறிய கலத்திற்கும் பெரிய கலத்திற்கும் வோல்ற்று ஒன்றே. உழைக்கும் நேரமே வேறு. பெரிய கலத்தின் விலை கூடினாலும் அது பல மாலைகளுக்கு வரும். தேய்ந்த கலமொன்றைப் புதியவற்றோடு சேர்த்தால், அது முந்தித் தீர்ந்து மற்றவற்றையும் தடுக்கும். கசிந்து கருவியையும் அரிக்கும். ஆதலின் நான்கையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம்.

இச்சிறு கணக்கின் பின்னே பெரியதொரு கணக்கும் நின்றது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மேலும் 150,000 பேரின் நிலை பின்னர் பேசுவதற்கென ஒதுக்கப்பட்டது. அம்மக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை.

கருத்துக் கேட்கப்படாதவனுக்குச் செய்தியேனும் எட்டவேண்டுமன்றோ? எழுத்தறியாதவனுக்கும் அதனை நேரே சொல்லவல்லது வானொலி. நாட்சம்பளத்திலிருந்து நான்கு பற்றரிக்கென எடுத்துவைத்த சில்லறை ஆடம்பரச் செலவன்று. தன் வாழ்வைப்பற்றிப் பிறர் செய்த முடிவைத் தன் காதாலேயே கேட்டறிவதற்கு ஒரு தொழிலாளி கொடுத்த விலையாகும்.