சிலிண்டர் ஹெட் போர்ட்டிங்

கார் எஞ்சினின் ஹெட்டுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து நுழையும் துளையையும், எரிந்த புகை வெளியேறும் துளையையும் அரைத்துத் திருத்தி, வேண்டிய இடத்தில் மெருகேற்றும் வேலை. பட்டறைகளில் ‘போர்ட்டிங் பாலிஷிங்’ என்றே பேச்சு. ஹெட்டைக் கழற்றி வால்வு லேப்பிங், சீட் வெட்டுதல், ஃபேசிங் (முகத்தை மட்டமாக்குதல்) செய்யும்போது இதையும் சேர்த்துச் செய்துகொள்வது வழக்கம். எஞ்சினில் புதிதாக எதையும் பூட்டுவதில்லை. இருக்கிற உலோகத்தில் கொஞ்சம் எடுப்பதோடு சரி. அதனால்தான் உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் பந்தயக்காரர்களுக்கு இந்த வேலை கைகொடுத்தது.

அடிப்படை

வார்ப்பில் வரும் போர்ட் வரைபடத்தில் உள்ளபடி அப்படியே அமைவது அரிது. மணல் அச்சுக்குள் வைக்கும் கோர் சற்று நகர்ந்தாலும் ஒரு சிலிண்டரின் வழி அகன்றும் அடுத்ததன் வழி குறுகியும் போகும். மேனிஃபோல்டு குழாயும் ஹெட்டும் சேருமிடத்தில் படி விழும். வால்வு சீட் வளையத்தின் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். வேகமாக வரும் காற்றுக்கு இவை எல்லாமே தடை. இவற்றிலும் கடினமான இடம் போர்ட்டின் தரைப்பக்கத்தில், காற்று வால்வை நோக்கிச் சட்டென்று திரும்பும் உள்வளைவு. கூரையை எவ்வளவு அகலமாக்கினாலும், இந்த வளைவு கூர்மையாக இருந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும்.

போர்ட்டைப் பெரிதாக்கினால் சக்தி கூடும் என்பது தவறான நம்பிக்கை. அகன்ற வழியில் காற்றின் வேகம் குறையும். குறைந்த சுழற்சியில் இழுவை போய்விடும். பந்தயத்தில் சீறும் கார் ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் திணறும். வால்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயரம் எழும்பியதும், அதைச் சுற்றிய திறப்பின் பரப்பு வால்வு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். 36 மி.மீ. வால்வுக்கு அது 9 மி.மீ. அதற்குப் பிறகு காற்றின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போர்ட்டின் வடிவம்தான்.

வரலாறு

போர்ட்டிங்கை ஊகத்திலிருந்து அளவைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக் (1897–1978). அவருக்கு முன்பும் பந்தயக்காரர்கள் அரத்தால் போர்ட்டைத் தேய்த்தவர்கள்தான். தேய்த்ததால் என்ன ஆயிற்று என்பது காரை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சில சமயம் அப்போதும் தெரியாது. வெஸ்லேக் ஹெட்டைத் தனியே மேசைமேல் வைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்தி, வால்வை ஒவ்வோர் உயரமாகத் திறந்து எவ்வளவு காற்று போகிறதென்று அளந்தார். இன்று ஃப்ளோ பெஞ்ச் என்று அழைக்கப்படும் கருவிக்குப் பின்னால் இருப்பது இந்த எளிய எண்ணமே. இப்போது பல இடங்களில் 28 அங்குல நீர்மட்ட அழுத்த வேறுபாட்டில் அளக்கிறார்கள்.

1920களில் பென்ட்லி எஞ்சின்களிலும், 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினின் ஹெட்டிலும் வெஸ்லேக்கின் கை உண்டு. ஆனால் நமக்கு நெருக்கமானது அவர் உருவாக்கிய இதய வடிவ எரிகலன். இரண்டு வால்வுகளையும் ஒருபக்கமாக ஒதுக்கி, அவற்றுக்கு நடுவே மூக்குபோல உலோகத்தை நீட்டிவிட்ட வடிவம் அது. ஆஸ்டின் வழியாகப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் எஞ்சின்களுக்குள் புகுந்து, அங்கிருந்து இந்தியச் சாலைகளின் அரசனாக இருந்த அம்பாசடருக்குள்ளும் வந்து சேர்ந்தது.

முதலில் வந்த அம்பாசடரின் 1,476 சி.சி. எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. அந்த ஹெட் வெறும் மூடிதான்; அதில் அரைப்பதற்குப் போர்ட்டே கிடையாது. 1959 வாக்கில் வந்த 1,489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினில் வால்வுகள் மேலே ஏறின. புஷ்ராடும் ராக்கரும் வந்தன. ஹெட்டுக்கும் வேலை வந்தது.

இந்த ஹெட்டைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கு உள்ளே நுழையும் போர்ட் இரண்டே. ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றும் நான்கும் இன்னொன்றை. புகை வெளியேற மூன்று வாசல்கள். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒன்று. ஐந்து வாசல்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். எரியும் வரிசை 1-3-4-2. அதாவது மூன்று குடித்து முடித்ததும் அதே வாசலில் நான்கு குடிக்கும். இரண்டு முடித்ததும் ஒன்று. முன்னதன் வால்வு மூடுவதற்குள் பின்னதன் வால்வு திறந்துவிடுவதால் ஒரு சிலிண்டர் மற்றதன் பங்கைப் பறிக்கும். இரண்டு வழிகளும் பிரியும் நடுச்சுவரைக் கத்தி முனைபோல் மெலிதாக்கினால் காற்று தடுமாறும். மழுங்கிய வட்டமாக விட்டால்தான் இருபுறமும் ஒழுங்காகப் பிரியும். இதைத் தெரிந்து வேலை செய்த கைகளுக்கு அம்பாசடரைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தியாவில் இருந்ததில்லை.

அந்தக் கைகளுக்குக் களம் அமைத்தது சென்னை. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு நிலவிய காலம். ஃபியட், அம்பாசடர், சென்னையிலேயே தயாரான 948 சி.சி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே எளிதில் கைக்கு எட்டிய கார்கள். பெரிய கார்புரேட்டர் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். ஹெட்டை அரைக்க எமரியும் பொறுமையும் போதும். பின்னர் கோயம்புத்தூரில் பந்தய வீரர் எஸ். கரிவரதன், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைப் பூட்டி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயத்தில் ஓட்டிப் பழகிய கோயம்புத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். இதற்கிடையே, 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது.

செய்முறை

வால்வுகளைக் கழற்றி, கரியைச் சுரண்டி, ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவுவார்கள். மேனிஃபோல்டு பேக்கிங்கை அதன் இடத்தில் வைத்து, மார்க்கிங் புளூ தடவிய முகத்தில் ஊசியால் கோடு போடுவார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழைகூடப் போகக்கூடாது. டை கிரைண்டரில் கார்பைடு பர் பூட்டி அரைக்கும்போது அலுமினியத் துகள் பர்ரின் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். அடிக்கடி மண்ணெண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும். வால்வு கைடு துருத்தும் பகுதியை மெலிதாக்கி, சீட்டுக்குக் கீழுள்ள விளிம்பைக் கலக்கவிட்டு, கடைசியாகப் போர்ட்டின் தரைப்பக்க உள்வளைவுக்கு வருவார்கள். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. சுட்டுவிரலை உள்ளே விட்டு, நகத்தின் பின்புறத்தால் எல்லாப் போர்ட்டையும் மாறி மாறித் தடவி, ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் வழி இருக்கிறது. ஓரிடத்தில் கொஞ்சம் ஆழமாகப் போனால் ஓட்டை விழுந்து ஹெட்டே வீணாகும்.

புகைப் போர்ட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றலாம். கரி படிவது குறையும். உள்நுழையும் போர்ட்டுக்கு அது கூடாது. கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோல் துளிகள் வழவழப்பான சுவரில் படிந்து ஓடையாக வழியும். 80ஆம் எண் எமரி விட்ட சொரசொரப்போடு நிறுத்துவதே சரி.

எரிகலன்களின் கொள்ளளவைச் சமன் செய்வது இறுதி வேலை. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, கிரீஸ் தடவிய அக்ரிலிக் தகட்டால் மூடி, தகட்டுத் துளை வழியே பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விடுவார்கள். கடைசிக் காற்றுக்குமிழி துளையருகே நகர்ந்து வந்து மறையும் கணத்தில் அளவைக் குறிப்பார்கள். மாருதி 800இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 265 சி.சி.; அழுத்த விகிதம் 8.7 என்றால் மேலே மிஞ்சும் இடம் சுமார் 34.5 சி.சி. அரைக்கும்போது எரிகலனில் 1 சி.சி. கூடினாலே விகிதம் 8.5க்குக் கீழே இறங்கும். ஹெட்டின் முகத்தை ஃபேசிங் செய்து அதை மீட்பார்கள்.

இன்றைய நிலை

சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அப்பால், ஐதராபாத்தில் இத்தகைய வேலைக்குத் தேவையான கருவித்திறன், குகட்பள்ளியையும் அதை ஒட்டிய பாலாநகரையும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் திரண்டிருக்கிறது. பாலாநகரில் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968இல் தொடங்கியது. இன்றைய நான்கு வால்வு ஹெட்டுகளில் கைவேலைக்கு மிச்சம் குறைவு. மென்பொருள் திருத்தமே முதலில் கேட்கப்படுகிறது. வண்டியின் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள கொள்ளளவும் எஞ்சின் எண்ணும் போர்ட்டிங்கால் மாறுவதில்லை. புகைச் சோதனையில் தேறுவது வண்டிக்காரர் பொறுப்பு. 2023 பிப்ரவரியில் ஐதராபாத்தின் ஹுசைன் சாகர் கரையில் நடந்த ஃபார்முலா ஈ பந்தயத்தில் ஓடியவையோ, அரைக்க ஹெட்டே இல்லாத மின்சாரக் கார்கள்.