இழுவைக் கேரவன்களில் மறைந்திருக்கும் நீர்ச்சேதமும் பூஞ்சணமும்

காரின் பின்னாலோ பிக்கப் டிரக்கின் பின்னாலோ கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் என்றும் பிரிட்டனில் கேரவன் என்றும் சொல்கிறார்கள். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும், சொந்த எஞ்சினில் ஓடும் வண்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்கு எஞ்சின் கிடையாது. படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. இந்த வண்டிகளை வேறெந்தப் பழுதையும்விட அதிகமாக அழிப்பது, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் புகுந்து தங்கும் தண்ணீர். ஆனால் பொதுப் பேச்சில் தண்ணீருக்குக் கிடைக்காத கவனம், ‘நச்சுப் பூஞ்சணம்’ என்ற அச்சமூட்டும் பெயருக்குக் கிடைத்துவிட்டது. பூஞ்சணம் என்ன இனம், அது நஞ்சு கக்குமா என்று தேடுவதில் பணமும் காலமும் போகின்றன. அந்தத் தேடல் அனேகமாக வீண். அளக்க வேண்டியது ஈரத்தை. அதை அளக்க முடியும், அதற்கான கருவியின் விலையும் அதிகமில்லை.

தண்ணீர் ஏன் மறைந்துகொள்கிறது என்பதற்கு விடை இந்த வண்டிகளின் கட்டுமானத்தில் இருக்கிறது. அமெரிக்க வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. இரண்டு முறைகள் அங்கே வழக்கில் உள்ளன. பழைய முறையில், மெல்லிய பைன் அல்லது ஸ்புரூஸ் மரச்சட்டங்களை ஸ்டேபிள் பின்களால் இணைத்து, இடையில் கண்ணாடியிழைப் பஞ்சைத் திணித்து, வெளிப்புறம் நெளிவு அலுமினியத் தகடும் உட்புறம் லுவான் எனப்படும் மெல்லிய பிளைவுட்டும் போர்த்துவார்கள். இன்னொரு முறையில் நுரைப்பலகை, லுவான், கண்ணாடியிழைத் தோல் ஆகிய அடுக்குகளைப் பசையிட்டு அழுத்தி ஒரே பலகையாக்குவார்கள். லுவான் என்பது தென்கிழக்கு ஆசியக் காடுகளின் ஷோரியா இன மரங்களிலிருந்து வருவது. தாள் போன்ற அதன் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். எடை குறைந்தால்தான் சாதாரணக் கார் இழுக்க முடியும் என்பதால் இந்த மெலிவு தவிர்க்க முடியாதது. ஆனால் எடையைக் குறைக்கச் செய்யும் ஒவ்வொன்றும் நனைந்தால் சீக்கிரம் கெடும் பொருளையே உள்ளே வைக்கிறது. நனைந்தால் கெடாத பொருட்களோ வெளியிலும் உள்ளிலும் பார்வைக்குப் படும் பரப்பில் இருக்கின்றன. கண்ணாடியிழைத் தோல் மினுமினுக்கும், உட்புறம் ஒட்டிய பூப்போட்ட வினைல் தாள் புதுசாகவே இருக்கும். நடுவில் உள்ள மரம், எனாமல் கெடாத சொத்தைப் பல்லைப் போல உளுத்துப்போயிருக்கும்.

இந்தப் பெட்டியில் எத்தனை துளைகள் என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். கூரையில் ஏசிக்காகச் சுமார் 36 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு வெட்டு, காற்றுப் போக்கிகள், குளியலறை மேல்வெளிச்சம், கழிவுக் குழாயின் காற்றுக்குழல், ஏணிக் கால்கள், முன்புற வளைவும் கூரையும் சந்திக்கும் நீண்ட மூட்டு, நான்கு மூலைகளிலும் திருகால் இறுக்கிய அலுமினியப் பட்டை, உயரத்தைக் காட்டும் சிறு எச்சரிக்கை விளக்குகள், சன்னல்கள், நிழற்கூடாரத் தண்டவாளத்தின் திருகுகள், நின்ற இடத்தில் வெளியே நீளும் ‘ஸ்லைட் அவுட்’ அறை. ஒவ்வொரு துளையையும் காப்பது பியூட்டைல் நாடாவும் அதன் மேல் ஊற்றிய சீலன்ட் பிசினும்தான். வெயிலில் அந்தப் பிசின் காய்ந்து வெடிக்கிறது. பனிக்காலத்தில் வெடிப்புக்குள் நீர் உறைந்து விரிந்து அதைப் பெரிதாக்குகிறது. நிலையான வீட்டுக்கு இல்லாத தொல்லை ஒன்றும் உண்டு: சாலையில் ஓடும்போது அடிச்சட்டம் முறுகுகிறது, மேலே உள்ள பெட்டியும் கூடவே நெளிகிறது, திருகு தன் துளையைத் தானே அகலப்படுத்திக்கொள்கிறது. மூட்டில் புகுந்த நீர் அங்கேயே சொட்டாது. சட்டத்தின் வழி ஊர்ந்து, பஞ்சில் ஊறி, மூலைக்கடியில் போய்த் தேங்கும். கறை தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம். தரைக்கடியில் ஒட்டிய நெளிவு பிளாஸ்டிக் விரிப்பு சாலை நீர் மேலேறாமல் தடுக்கிறது. அதே விரிப்பு, உள்ளே குழாய் கசிந்தால் அந்த நீரை வெளியேயும் விடாது. 1930களில் வாலி பையம் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் ரிவெட் அடித்த அலுமினிய ஓட்டுக்குப் பேர்போனவை. அந்தப் பழைய வண்டிகளிலும் தரைப் பலகை பிளைவுட்தான். பின்பக்க விளிம்பில் அது உளுத்து, அலுமினிய ஓடும் அடிச்சட்டமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துகொள்வது பழைய ஏர்ஸ்ட்ரீம் புதுப்பிப்பவர்கள் எல்லாரும் அறிந்த நோய்.

மழை மட்டும் குற்றவாளி அல்ல. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆறு மீட்டர் நீளமுள்ள வண்டியின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 29 கன மீட்டர். ஆக, அதற்குள் உள்ள காற்று முழுவதும் சேர்ந்தே அரை லிட்டர் தண்ணீரைத்தான் ஆவியாக வைத்துக்கொள்ள முடியும். சமையலுக்கு எரியும் புரொப்பேன் வாயு, தன் எடையைப்போல 1.6 மடங்குக்கும் சற்று அதிகமான நீரை உண்டாக்குகிறது. 300 கிராம் வாயு எரிந்தாலே அந்த அரை லிட்டர் வந்துவிடுகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, குளியல், தூங்குகிறவர்களின் மூச்சு எல்லாம் அதற்கு மேல். வண்டியோடு பொருத்தி வரும் ஹீட்டர் தன் புகையை வெளியே விடுவதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. அடுப்பும், கடையில் வாங்கி உள்ளே வைக்கும் கையடக்க வாயுக் கணப்பும்தான் ஈரத்தைக் கொட்டுகின்றன. மிகுந்த ஆவி குளிர்ந்த இடம் தேடிப் படியும். அது படுக்கைக்கடி, அலமாரியின் பின்பக்கம், சன்னல் சட்டம் போன்ற, கையும் கண்ணும் போகாத இடங்களாகவே இருக்கும்.

நனைந்த மரத்தில் என்ன நடக்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பூஞ்சண வித்துகள் எந்தக் காற்றிலும் உண்டு. மரம், தாள், பசை எல்லாம் அவற்றுக்கு உணவு. தட்டுப்பாடு ஈரத்துக்கு மட்டுமே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மேற்பரப்பில் வளரும் பூஞ்சணம் மரத்தின் பலத்தைக் குறைப்பதில்லை. பலத்தைத் தின்பவை வேறு பூஞ்சைகள். மரத்தின் ஈரம் 28 முதல் 30 சதவீதத்தைத் தொட்டால் அவை வேலையைத் தொடங்கும், 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரம் பாதுகாப்பு. ‘கருப்புப் பூஞ்சணம்’ என்று எல்லாரும் அஞ்சும் ஸ்டாக்கிபோட்ரிஸ் சார்ட்டாரம், பென்சிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவற்றைக் காட்டிலும் நீர் மிகுதியாகக் கேட்பது. நெடுநாள் தொடர்ந்து ஊறிய மரக்கூழ்ப் பொருளில்தான் அது செழிக்கும். எனவே ஒரு வண்டியில் அதைக் கண்டால் அது நஞ்சின் சான்று என்பதைவிட, வெகுகாலமாக யாரும் கவனிக்காத கசிவின் சான்று.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும்: கருப்புப் பூஞ்சணத்தின் நஞ்சு குழந்தைகளைக் கொன்றதாகச் செய்தி வந்ததே? 1990களின் நடுவில் ஓகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. ஆய்வாளர்கள் அதை ஸ்டாக்கிபோட்ரிஸோடு இணைத்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வையே மறுபடி புரட்டிப் பார்த்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. 2001இல் டெக்சஸில் ஒரு வீட்டுப் பூஞ்சண வழக்கில் 3.2 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது 40 லட்சமாகச் சுருங்கியதையும் வெகுசிலரே நினைவு வைத்திருக்கிறார்கள். 2004இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட, ஈரமான உட்புறங்கள் பற்றிய அறிக்கை நிதானமானது. மூக்கு, தொண்டை எரிச்சல், இருமல், இளைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மோசமாவது ஆகியவற்றுக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் தொடர்புண்டு என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக அது சொன்னது. நுரையீரல் ரத்தக் கசிவு, நரம்புக் கோளாறு முதலியவற்றுக்குச் சான்று போதாது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி பூஞ்சணத்துக்குப் பாதுகாப்பான எண் அளவு எதையும் விதிக்காமல், ஈரத்தைத் தடுப்பதையே வலியுறுத்தியது. இதனால் பூஞ்சணம் தீங்கற்றது என்று ஆகாது. ஆஸ்துமாக்காரர் ஒருவர் 29 கன மீட்டர் பெட்டிக்குள் இரவெல்லாம் பூஞ்சணக் காற்றைச் சுவாசிப்பது ஆபத்தே. அந்த ஆபத்து எந்த இனத்திலும் வரும், செத்த பூஞ்சணத்திலிருந்தும் வரும். ஆகவே ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி இனப்பெயர் வாங்கி வருவதால் செய்ய வேண்டிய வேலை எள்ளளவும் மாறாது.

டிரெய்லர்களில் உண்மையாகவே அளந்து நிறுவப்பட்ட நஞ்சு ஒன்று உண்டு. அது பூஞ்சணம் அல்ல. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வளைகுடாக் கடற்கரையை அழித்தபின், வீடிழந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அமெரிக்கக் கூட்டரசின் அவசரகால நிர்வாக முகமை டிரெய்லர்களிலும், தொழிற்சாலையில் கட்டி இழுத்து வந்து ஓரிடத்தில் நிறுத்தும் நகர்வீடுகளிலும் குடியமர்த்தியது. கண் எரிச்சல், இருமல், மூக்கில் ரத்தம் என்று புகார்கள் குவிந்தன. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பர் முதல் 2008 ஜனவரி வரை 519 குடியிருப்புகளில் காற்றைச் சோதித்தது. அதில் ஃபார்மால்டிஹைடு வாயுவின் சராசரி, நூறு கோடிக்கு 77 பங்கு. சில இடங்களில் 590 வரை போனது. இத்தனைக்கும் அது குளிர்காலம். வெப்பமும் ஈரப்பதமும் ஏறினால் இந்த வாயு இன்னும் அதிகமாக வெளிப்படும். பிளைவுட்டையும் துகள்பலகையையும் ஒட்டும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையே அதன் ஊற்று. நீர் பட்டால் அந்தப் பசை சிதைந்து வாயுவை விடுகிறது. 2010இல் இத்தகைய பலகைகளின் வாயு வெளியீட்டுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் வந்தது. 2012இல் தயாரிப்பாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் 4.26 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். பூஞ்சணத்தால் வரும் எரிச்சலும் இந்த வாயுவால் வரும் எரிச்சலும் உடம்பில் ஒரேமாதிரித்தான் தெரியும். சுவருக்குள் புகுந்த ஒரே நீர் இரண்டையும் கிளப்புகிறது. நோய்க்குறியை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கப் பார்ப்பதைவிட நீரைப் பிடிப்பது மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

தயாரிப்பாளர் தரப்பு வேறொன்று சொல்லும்: சில மாதங்களுக்கு ஒருமுறை கூரையேறி சீலன்டைப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கிறோம், பார்க்காதது உரிமையாளரின் அலட்சியம். இதில் பாதி உண்மை. பராமரித்த வண்டி நெடுநாள் உழைக்கிறது. தவறான பராமரிப்பும் உண்டு. ரப்பர் கூரையில் சாதாரண சிலிக்கோனைப் பூசினால் அது பிடிக்காமல் உரிந்து, பிறகு சரியான சீலன்டையும் ஒட்டவிடாது. ஆனால் திருகுக்குள் போன நீரைக் கூரையில் நின்று பார்க்க முடியாதே. அரசு விதிகளின் நிலையும் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவில் நகர்வீடுகளுக்கு 1976 முதல் கூட்டரசுக் கட்டுமான விதி இருக்கிறது. டிரெய்லர் வாகனமாகக் கருதப்படுவதால் அந்த விதிக்குள் வருவதில்லை. அதற்குரிய என்எஃப்பிஏ 1192 தரநிலையின் கவனம் தீ, எரிவாயு, குழாய் ஆகியவற்றின் மேல்தான். பிரிட்டனில் ஆண்டுப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே பணிமனைக்காரர் சுவரெங்கும் ஈரமானி வைத்து, ஒவ்வோர் இடத்தின் சதவீதத்தையும் வரைபடத்தில் குறித்துக் கொடுக்கிறார். அந்தச் சோதனையைத் தவறவிட்டால் நீர்க்கசிவு உத்தரவாதம் போய்விடும். கடமையை உரிமையாளர் மேல் சுமத்துவதில் தவறில்லை. அதைச் செய்யும் கருவியையும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரிட்டன் அதைச் செய்திருக்கிறது, அமெரிக்கத் தொழில் செய்யவில்லை.

புதிய பொருட்கள் வந்துவிட்டன, இனி இது பழைய கதை என்பாரும் உண்டு. லுவானுக்குப் பதிலாக பாலிபுரொப்பிலீனும் கண்ணாடியிழையும் கலந்த பலகை இப்போது பல வண்டிகளில் வருகிறது, அது உளுக்காது. கனடாவில் 1968இல் தொடங்கிய போலர், பின்னர் வந்த ஸ்கேம்ப், கசீட்டா போன்ற வண்டிகள் மேலும் கீழுமாக இரண்டே கண்ணாடியிழை ஓடுகளால் ஆனவை. மூட்டு குறைவு, கசிவும் குறைவு. இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் சுவர் உளுக்காவிட்டாலும் நீர் கீழிறங்கித் தரைப் பலகையை அடையும், சன்னலும் காற்றுப்போக்கியும் எந்த ஓட்டிலும் வெட்டித்தான் ஆக வேண்டும். உளுக்காத சுவருக்கு ஒரு தீங்கும் உண்டு: அது மெத்தென்று அமுங்கி எச்சரிக்காது.

கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. சாய்வெயிலில் வெளிச்சுவரின் நீளவாக்கில் பார்த்தால் பசை விட்டுப் பிதுங்கிய இடம் நிழல் காட்டும். மூலைகளில் தரையைக் காலால் அழுத்த வேண்டும்; அலமாரியின் மேல்மூலைகள், படுக்கைக்கடிப் பெட்டி, குளியலறைக் கதவோரம் ஆகிய இடங்களில் ஈரமானியை வைக்க வேண்டும். 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி, 20 வரை கண்காணிக்கலாம், அதைத் தாண்டினால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஊசியில்லாத ஈரமானி உலோகத்தை ஈரமென்று காட்டும் என்பதால் அலுமினியச் சட்டமுள்ள வண்டிக்கு ஊசி வைத்ததே நம்பகமானது. உள்ளே மின்விசிறியால் காற்றழுத்தம் ஏற்றி வெளியே சோப்பு நீர் தெளித்தால் குமிழி எழும் இடமே ஓட்டை. பழுது பார்க்கையில் வரிசை முக்கியம்: முதலில் ஓட்டை, பிறகு காயவைத்தல், கடைசியில்தான் பூஞ்சணம். ஒரு சதுர மீட்டருக்குள் அடங்கும் பூஞ்சணத்தை முகக்கவசம் அணிந்து தானே அகற்றலாம். ஊறிய பஞ்சையும் லுவானையும் எறிந்தாக வேண்டும். பிளீச் அடித்து, மேலே புது வினைல் ஒட்டி விற்கும் வண்டிகள் சந்தையில் நிறைய. பழைய கேரவன் வாங்கப் போகிறவர் பூஞ்சணச் சோதனைச் சான்றிதழைக் கேட்க வேண்டாம். ஈரமானி அளவுகளைக் கேட்கட்டும், விற்பவர் அளக்க அனுமதிக்காவிட்டால் அந்த வண்டியை வாங்காமல் விடட்டும்.