அண்டை வீட்டு இயந்திரம்



விடியற்காலை ஐந்தரை மணி. அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் லோரியின் இயந்திரம் முடுக்கிவிடப்படுகிறது. ஓட்டுநர் ஏறிப் புறப்பட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அவரோ வீட்டுக்குள் போய்விடுகிறார், தேநீர் அருந்துகிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புகிறார். லோரி கால் மணி நேரம் உறுமிக்கொண்டே நிற்கிறது. புகை, பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே நுழைகிறது. அங்கே கைக்குழந்தை உறங்குகிறது. அந்த வீட்டார் என்ன செய்வது? பொறுத்துக்கொள்வதா, போய்க் கேட்பதா, வழக்குத் தொடுப்பதா?

மோட்டார் வண்டிக்கு வயது ஏறத்தாழ 140தான். ஆனால், இந்தக் கேள்வி மிகவும் பழையது. "என் இடத்தில் நான் செய்யும் காரியம் உன் வீட்டுக்குள் வந்தால் யார் விட்டுக்கொடுப்பது?" என்று மக்கள் பன்னெடுங்காலமாகவே வழக்காடி வந்திருக்கிறார்கள். அந்த வழக்குகளின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இத்தாலியில் ரோமுக்கும் நேப்பிள்சுக்கும் இடையே, கடலோரத்தில், மின்டுர்னே என்றொரு பழைய ஊர் இருந்தது. ஊராருக்குச் சொந்தமான ஒரு பாலாடைக்கட்டிக் கூடத்தை ஒருவர் வாடகைக்கு எடுத்து நடத்தினார். அங்கிருந்து எழுந்த புகை மேலேயிருந்த கட்டடங்களுக்குள் புகுந்தது. கி.பி. 100ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த அரிஸ்டோ என்ற சட்ட அறிஞரிடம் இந்தச் சிக்கல் வந்தது. மேல் வீட்டார் இடங்கொடுத்திருந்தாலொழிய அப்படிப் புகைவிடும் உரிமை கீழே இருப்பவருக்குக் கிடையாது என்று அவர் கருத்துச் சொன்னார். தன் இடத்தில் ஒருவர் எதுவும் செய்யலாம். ஆனால் அது பிறர் இடத்துக்குள் போய் விழக்கூடாது. புகையானாலும் நீரானாலும் ஒன்றுதான். இந்தக் கருத்து 533ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் மன்னர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. அதே தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. வீட்டு அடுப்பிலிருந்து வரும் இலேசான புகைக்கெல்லாம் வழக்குத் தொடுக்க முடியாதாம். அளவு என்ற ஒன்றை அன்றே வைத்துவிட்டார்கள் பாருங்கள்!

அடுத்து இங்கிலாந்துக்குப் போவோம். அந்நாட்டுச் சட்டம் நமக்கு அந்நியமானதன்று. 1826ஆம் ஆண்டின் அரச சாசனத்தின் வழியாக அது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்று ஊர்களிலும் வேர்விட்டது. மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் அதற்கு இன்றும் இடமளிக்கிறது. ஆகவே, ஆங்கிலேய அண்டை வீட்டாரின் சண்டைகள் நம் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்துவிட்டன என்று சொன்னால் மிகையாகாது.

1610ஆம் ஆண்டு, நார்ஃபோக் வட்டாரத்தில் ஆல்ட்ரெட் என்பவர், தம் வீட்டை ஒட்டி அடுத்தவர் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டதாக முறையிட்டார். நாற்றம் தாங்கமுடியவில்லை என்றார். எதிர்த்தரப்பு சொன்ன பதில் சுவையானது. பன்றி மனிதனுக்கு உணவு தருவது. ஆகவே, அந்த வாடையைத் தாங்க மாட்டாத அளவுக்கு ஒருவருக்கு மென்மையான மூக்கு இருக்கலாகாது என்றார்கள். இன்றும் அடுத்த வீட்டாரிடம் போய் முறையிட்டால், "உங்களுக்கு மட்டும் ஏன் இப்படித் தெரிகிறது?" என்ற பதில் வருகிறதல்லவா? நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டுக்குள் வரும் காற்று நல்ல காற்றாக இருக்கவேண்டும். அது வீட்டுக்காரரின் உரிமை என்று தீர்ப்பாயிற்று.

பிறகு இயந்திரங்களின் காலம் வந்தது. 1907ஆம் ஆண்டில் இலண்டனில் முடிந்த இரண்டு வழக்குகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று பால் வியாபாரியின் வழக்கு. அச்சுக்கூடங்கள் நிறைந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட் பகுதியில் அவர் குடும்பத்துடன் குடியிருந்தார். பக்கத்தில் புதிதாக ஓர் அச்சு இயந்திரம் வந்து, இரவெல்லாம் ஓடியது. "இது இரைச்சலான பேட்டை, இன்னும் ஓர் இயந்திரத்தால் என்ன வந்துவிடும்?" என்பது அச்சகத்தாரின் வாதம். இரைச்சல் மிகுந்த இடத்தில் இருப்பவருக்கும் தூக்கம் வேண்டும். ஏற்கெனவே உள்ள இரைச்சலோடு பெருந்தொல்லையைக் கூட்டுவதற்கு அது உரிமைச் சீட்டு ஆகாது என்று பிரபுக்கள் சபை முடிவு சொன்னது. பால் வியாபாரி வென்றார்.

மற்ற வழக்கில் தோற்றவர் ஒரு பெண்மணி. அவர் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம் ஓடியது. அதன் அதிர்வால் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கியிருந்த இரும்புப் பிடி நழுவி, அவர் தலையில் விழுந்துவிட்டது. காயம் பட்டவர் அவர்தான். ஆனாலும் வீட்டில் அவருக்குச் சட்டப்படி எந்தச் சொத்துரிமையும் இல்லை. கணவரின் வேலையை ஒட்டிக் கிடைத்த குடியிருப்பு அது. ஆகவே அண்டை வீட்டுத் தொல்லை என்று வழக்காட அவருக்குத் தகுதியில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. நாள் முழுவதும் வீட்டில் இருந்து அதிர்வையும் இரைச்சலையும் அனுபவிப்பவர் யார்? இல்லத்தரசியும் குழந்தைகளும் முதியவர்களும். சட்டமோ வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ளவரைத்தான் பார்த்தது. இந்த விதி மனத்தை உறுத்துகிறது. ஆனாலும் 1997இல்கூட பிரபுக்கள் சபை அதை உறுதிப்படுத்தியது.

இங்கே மோட்டார் வண்டியின் கதையையும் சற்றுச் சொல்லவேண்டும். வண்டியை நிறுத்தினாலும் இயந்திரத்தை நிறுத்தாத பழக்கம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அக்காலக் கார்களை முன்புறம் ஒரு கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்பவேண்டும். அது சில வேளைகளில் எதிர்ப்புறமாகத் திருப்பியடித்துக் கையை முறித்துவிடும். ஒருமுறை கிளப்பிய இயந்திரத்தை நிறுத்த யாருக்கு மனம் வரும்? அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சாரத் துவக்கி 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்தப் பயம் தீரத் தொடங்கியது. அதன் பின்னும், குளிர்ந்த இயந்திரத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால், சோக் இழுத்துச் சிறிது நேரம் சூடேற்றினார்கள். பழைய டீசல் வண்டிகளும் காலையில் முரண்டு பிடித்தன.

எரிபொருளை அளந்து தெளிக்கும் இக்காலக் கார்களுக்கு அப்படிப்பட்ட சூடேற்றம் தேவையில்லை. மெதுவாக ஓட்டிச் சென்றாலே நின்ற இடத்தில் சூடாவதைவிட விரைவில் சூடாகிவிடும். நமது ஊரின் காலைக் குளிரோ குளிரே அன்று! காற்றழுத்த பிரேக் கொண்ட லோரிக்கும் பேருந்துக்கும் மட்டும் உண்மையான தேவை ஒன்று உண்டு. அழுத்தம் ஏறாமல் அவற்றை நகர்த்தலாகாது. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே, அடுத்த வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவராக இருந்தால் அவரைக் குற்றவாளியாக நினைப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்ப்பது நியாயம். மற்றவர்களைப் பொறுத்தவரை, கைப்பிடிக் காலத்துப் பழக்கம்தான் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கிறது. குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு காரிலேயே கண்ணயர்வது பிற்காலத்தில் சேர்ந்த சுகம்.

நிற்கும் வண்டியின் புகையில் என்ன இருக்கிறது? கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் காரை ஓடவிட்டு மாண்டவர்கள் பலர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் யாண்டல் ஹெண்டர்சன் இந்த வாயுவை மனிதர் எவ்வளவு தாங்குவர் என்று ஆராய்ந்தார். 1927இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் ஹாலந்து சுரங்கப் பாதைக்குக் காற்றோட்டம் அமைக்க அந்த ஆய்வு பயன்பட்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திட்டவட்டமாக அறிவித்தது. ஈயம் கலந்த பெட்ரோலைச் சிங்கப்பூர் 1998இல் அறவே நிறுத்திவிட்டது. ஆக, "கொஞ்சம் புகைதானே!" என்ற பேச்சுக்கு இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

நமது தலைப்புக்கு மிக நெருங்கிய வழக்கு 1961இல் இலண்டன் ஃபுல்ஹாமில் நடந்தது. ஹால்சி என்பவரின் வீட்டுக்கு எதிரே எஸ்ஸோ நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்கு. அதன் புகைபோக்கியிலிருந்து விழுந்த அமிலக் கரித்துகள் கொடியில் காயப்போட்ட துணியையும், தெருவில் நின்ற அவருடைய காரின் வண்ணப்பூச்சையும் அரித்தது. கொதிகலன்களின் இரைச்சலால் இரவில் சன்னல்கள் அதிர்ந்தன. போதாக்குறைக்கு, எண்ணெய் லோரிகள் இரவு முழுவதும் வந்துபோயின. எதிர்த்தரப்பிலோ பெரிய நிறுவனம். அவரோ சாதாரணக் குடியிருப்பாளர். நீதியரசர் வீல், ஹால்சி பக்கம் தீர்ப்பளித்தார். இழப்பீடு கொடுத்ததோடு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த இரைச்சலுக்குத் தடையும் போட்டார். லோரிகள் ஓடியது பொதுச் சாலையில்தான். ஆயினும் வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தால் அதுவும் தொல்லையே என்று அவர் கண்டது கவனிக்கத்தக்கது.

பொறுமையிழந்தவர் செய்யும் காரியம் ஒன்றுண்டு: பதிலுக்குப் பதில். 1893இல் தீர்ந்த ஒரு வழக்கில், இசை கற்பித்த பெண்மணி ஒருவரின் வீட்டுப் பாட்டும் வாத்தியமும் பக்கத்து வீட்டு மரச் செதுக்குக் கலைஞருக்குப் பொறுக்கவில்லை. அவர் சுவரைத் தட்டினார், தட்டுகளை அடித்தார், சீட்டியடித்தார், கூச்சலிட்டார். நீதிமன்றம் தடை விதித்தது இசைக்கு அன்று, தட்டு அடித்தவருக்கு! வேண்டுமென்றே துன்புறுத்தச் செய்தார் என்பதே அவருக்கு எதிராகப் போயிற்று. எதிர் வீட்டு இயந்திரத்துக்குப் பதிலாக ஹார்ன் அடிக்க நினைப்பவர்கள் இந்த மனிதரை மறக்கவேண்டாம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1970இல் பிரதமர் அலுவலகத்தின்கீழ் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. 1971இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1972இல் சுற்றுப்புற அமைச்சு அமைந்தது. 1999ஆம் ஆண்டின் வாகனப் புகை விதிகள், போக்குவரத்துச் சூழலைத் தவிர வேறு காரணத்துக்காக நிற்கும் வண்டியின் இயந்திரத்தை ஓடவிடுவதைக் குற்றமாக்கின. முதல் முறை குற்றம் உறுதியானால் 2,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பால் வியாபாரியும் ஹால்சியும் தாங்களே வழக்கறிஞரைத் தேடிச் செலவழித்து வென்றதை, இங்கே ஒரு புகாரின் பேரில் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து செய்கிறார்.

ஆனால், அதிகாரி வரும் நேரத்தில் வண்டி போய்விட்டிருக்கலாம். அபராதம் கட்டியவர் மறுநாளும் அதே தளத்தில்தான் குடியிருப்பார். மின்தூக்கியில் முகத்துக்கு முகம் பார்க்கவேண்டும். அடுக்குமாடி வாழ்க்கையின் இந்த நெருக்கத்தை எண்ணித்தான் 1998இல் சமூக சமரச நிலையம் திறக்கப்பட்டது. இருதரப்பாரும் நடுவர் ஒருவர் முன் அமர்ந்து பேசுவார்கள். யார் குற்றவாளி என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. மலேசியாவில் 1975இல் தோன்றிய ருக்குன் தெத்தாங்கா அமைப்பு, பாதுகாப்புச் சுற்றுக்காவலில் தொடங்கி, பிற்காலத்தில் அண்டை அயலார் பூசலில் சமரசம் பேசும் பணியையும் ஏற்றது.

2015 அக்டோபரில் சிங்கப்பூரில் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் செயல்படத் தொடங்கியது. ஒரே கட்டடத்தில் அல்லது 100 மீட்டருக்குள் குடியிருப்பவர் சட்டப்படி அண்டை வீட்டார். இரைச்சல், புகை, நாற்றம், அதிர்வு எல்லாம் அதன் கணக்கில் சேரும். வழக்கறிஞர் வேண்டாம், 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்காடுபவர் அந்த வீட்டில் குடியிருந்தால் போதும். வீடு அவர் பெயரில் இருக்கவேண்டியதில்லை. 1907இல் தலையில் காயத்தோடு திரும்பிப்போன பெண்மணிக்கு இல்லாத கதவு, 108 ஆண்டுகள் கழித்து இங்கே திறந்தது. 2024 நவம்பரில் நிறைவேறிய திருத்தம், சமரசத்துக்கு வருமாறு பூசலிடுவோருக்கு உத்தரவிடவும் வழிசெய்தது. விருப்பத்தின் பேரில் மட்டும் வரச் சொன்னால், வரவேண்டியவர் வருவதில்லையே!

மற்ற நகரங்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டன. நியூயார்க் 1971 முதல் மூன்று நிமிடத்துக்கு மேல் இயந்திரத்தை ஓடவிடலாகாது என்கிறது. நின்று உறுமும் லோரியைப் படமெடுத்துப் புகார் செய்யும் குடிமக்களுக்கு அபராதத்தில் கால் பங்கும் கொடுக்கிறது. அண்டை அயலாரைக் கூலிக்கு ஒற்றராக்கும் இந்த ஏற்பாடு ஒரே மாடியில் வாழும் மக்களுக்கு ஒத்துவருமா என்பது ஐயந்தான். நம்மைப்போல் வெக்கையறிந்த ஹாங்காங் 2011 டிசம்பரில், ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் என்று வரையறுத்தது. கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் விலக்கு அளித்தது.

இப்போது இயந்திரமே மாறுகிறது. 2025 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. மின்சார வண்டி நிற்கும்போது அதில் உறுமவோ புகைவிடவோ ஒன்றும் கிடையாது. அது ஓடும்போதும் சத்தமில்லாமல் வருகிறது என்று பார்வையற்றோர் அஞ்சியதால், 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரும் புதுவகை மின்சாரக் கார்கள் மெதுவாக ஓடுகையில் செயற்கையாக ஓர் ஒலி எழுப்பவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நின்றுவிட்டால் அந்த ஒலியும் தேவையில்லையாம்.