நடுகல்லும் நன்றியுணர்வும்

சேலம் மாவட்டத்திலும் அண்டைய தருமபுரியிலும், ஆநிரை எனப்படும் மாட்டுமந்தையை மீட்கும் பூசலிலோ ஊரைத் தாக்கிய புலியை எதிர்த்தோ உயிர்நீத்த வீரர்களுக்கு நடுகல், அதாவது உருவமும் சில வேளைகளில் பெயரும் பொறித்த நினைவுக்கல், எழுப்பப்பட்டது. தகுந்த கல்லைத் தேர்ந்து கொணர்ந்து, நீராட்டி நட்டு, படையலிட்டு வாழ்த்தும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. தருமபுரிப் பகுதியில் இக்கற்களுள் பல வேடியப்பன் என்னும் தெய்வமாக இன்றும் வணங்கப்படுகின்றன.

மேய்ச்சலும் வேட்டையும் வாழ்வாதாரமாக இருந்த சமூகத்தில் சாவு எந்நாளும் அருகிலேயே இருந்தது. அதை மறைக்காமல் மக்கள் வந்துசெல்லும் வெளியிலேயே கல்லாக நிறுத்தியதால், தாம் உண்ணும் பாலும் உறங்கும் இரவும் பிறர் ஈந்த கொடை என்பதை வாழ்வோர் உணர்ந்தனர். நிலையாமையை அறிந்த அவ்வுணர்வு துறவுக்கு இட்டுச்செல்லாமல், கையிலிருக்கும் நாளை நன்றியோடு வாழும் ஒழுக்கத்தையே வளர்த்தது என்பதே இம்மரபின் தனிச்சிறப்பு.