பழைய கணினிக்கு மறுவாழ்வு: லினக்ஸ் வரலாறு தரும் பாடம்

கணினி வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? அது வேலை செய்ய வேண்டாமா? நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இன்று இக்கேள்வி அவசரமாகிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஓ பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியும் மூலைக்குப் போகிறது.

இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் எனும் இலவசத் திறந்த மூல இயங்குதளம் கைகொடுக்கும். ஆனால், “நம் கணினியில் அது ஓடுமா?” என்ற தயக்கம் உடனே எழுகிறது. அந்தத் தயக்கத்துக்கு லினக்ஸின் வயதே ஆகிறது.

ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25இல் தமது முயற்சியை அறிவித்தார். தம்மிடம் இருக்கும் வகை வன்தட்டைத் தவிர வேறு எதையும் அது ஏற்காமலே போகலாம் என்றுதான் அன்று எழுதினார். அவர் கையில் இருந்தது 386 ரகக் கணினி. ஆனால் நிரல் எல்லாருக்கும் திறந்திருந்தது. வேறு கருவி வைத்திருந்தவர்கள் தத்தம் கருவிக்கு வேண்டியதைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள்.

அச்சுப்பொறியோ ஒலி அட்டையோ, ஒவ்வொரு கருவியோடும் இயங்குதளம் பேசுவதற்கு ‘டிரைவர்’ எனும் சிறு நிரல் தேவை. தயாரிப்பாளர்கள் பலர் விண்டோஸுக்கு மட்டுமே அதைக் கொடுத்தனர். 1990களின் பிற்பகுதியில் வந்த மலிவு விலை ‘வின்மோடம்’ தன் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் மென்பொருளிடமே விட்டது. அதனால் லினக்ஸில் அவற்றுள் பல ஊமையாகிவிட்டன. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த அந்தக் காலத்தில், மோடம் ஓடாவிட்டால் இணையத்தில் உதவி தேடவும் வழியில்லை.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த நாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமல் குறுந்தட்டிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்க வழி செய்தது. 2004 அக்டோபரில் உபுண்டு வெளிவந்தது. கேட்டவர்களுக்கு அதன் குறுந்தட்டு 2011 வரை தபாலில் இலவசமாகவே வந்தது.

தமிழுக்கும் இதே கதைதான். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகை உருவானது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. பல நாட்டுத் தமிழ்த் தன்னார்வலர்கள் லினக்ஸின் திரைச் சொற்களைத் தமிழாக்கினார்கள். இன்று தமிழ்99 லினக்ஸிலும் கிடைக்கிறது.

வாங்குகிறவருக்கும் வலிமை உண்டு. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007ஐ ஒட்டி லினக்ஸுக்கு மாறியது. கருவி விற்க வருகிறவர் லினக்ஸ் டிரைவரையும் தர வேண்டும் என்று கேட்டது. பெரிய கொள்முதல் என்பதால் அந்தக் கோரிக்கைக்கு மதிப்பிருந்தது.

ஒரு தோட்டப் பள்ளி தனியாகக் கேட்டால் அவ்வளவு மதிப்பிருக்காது. பல பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சேர்ந்து கேட்டால் நிலைமை வேறு. அதற்கு முன், லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி ஓடுகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வன்தட்டில் உள்ளது அப்படியே இருக்கும்.

எல்லாக் கணினியும் பிழைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. லினக்ஸ் பிறந்த 386க்கான ஆதரவே 2012 டிசம்பரில் அதன் நிரலிலிருந்து நீக்கப்பட்டது. பயன்படுத்துவோர் அருகிவிட்டால் ஆதரவும் போய்விடும். ஆகவே ஓடுகிற கணினியில் இன்றே நிறுவிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது நல்லது. ஓடாத கருவி எது என்று குறித்துவைத்து, அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் அதைக் கேட்க வேண்டும்.