ஜென்டூ – வழக்கொழிந்த ஓர் இனப்பெயர்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்குவதை நாம் அறிவோம். இவற்றுள் தெலுங்குக்கு ஆங்கிலேயர் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'ஜென்டூ' என்பதை இன்று நம்மில் பலர் அறியார்.

இச்சொல்லின் வேர் இந்திய மொழி எதிலும் இல்லை. போர்த்துகீசிய மொழியில் 'ஜென்டியோ' என்றால் புறச்சமயத்தான் என்று பொருள். அதன் மூலம் இலத்தீன். இந்தியா வந்த போர்த்துகீசியர் முஸ்லிம்களை மூர் என்றும், இந்துக்களை ஜென்டியோ என்றும் பிரித்தழைத்தனர். அதை ஆங்கிலேயர் ஜென்டூ ஆக்கினர். 1776இல் ஹால்ஹெட் வெளியிட்ட இந்து நீதிநூலின் ஆங்கிலப் பெயர்ப்பு 'ஜென்டூ சட்டத் தொகுப்பு' என்றே தலைப்புப் பெற்றது. சென்னையிலோ அச்சொல் தெலுங்கரையும் அவர்தம் மொழியையும் குறித்தது. தமிழ், 'மலபார்' ஆயிற்று. மேலைக்கடற்கரையில் முதலில் இறங்கியவர்கள் இட்ட பெயர் அது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் தலைப்பிலேயே மலபார், தமிழ் என்னும் இரு பெயர்களும் சேர்ந்து நிற்கின்றன.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி விதித்தனர். ஆள்பவர் மக்களின் மொழிகளைக் கற்றே தீரவேண்டிய நிலை வந்தபின் பழம்பெயர்கள் தளர்ந்தன. 1816இல் கேம்பல் எழுதிய இலக்கணத்தின் தலைப்பு, தெலுங்கு என்பதை முன்வைத்து, 'ஜென்டூ எனப் பொதுவாக வழங்குவது' என்று அதற்கு விளக்கம் தருகிறது. மொழியார் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் முதலிடம் பெற்றுவிட்டது. இன்று ஆங்கிலத்தில் ஜென்டூ என்றால் தென்கடல் பெங்குவின் ஒன்றே நினைவுக்கு வரும்.

சொல் மறைந்தது, பழக்கம் மறைந்ததா? ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு வரும் ஒடியரையும் வங்காளியரையும் நாம் 'இந்திக்காரர்' என்கிறோம். ஒடியர் தாய்மொழி ஒடியா. வங்காளியர் தாய்மொழி வங்காளம். அறியாதவர் நமக்கிட்ட 'மலபார்' என்ற பெயர் நமக்கு உவப்பாக இல்லையெனில், நாம் பிறர்க்கிடும் பெயரையும் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று. அவரவர் மொழியின் பெயரை அவரவரிடமே கேட்டறிவதற்கு இலக்கணப் புலமை வேண்டியதில்லை.